காணாமல்போன பசுவும் என் கல்யாண விளம்பரமும்

கொழும்பில் ஒரு தமிழ்த் தினசரியில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், என்னைவிட நன்றாகத் தமிழ் தெரிந்தவன் இலங்கையில் இல்லை என்று நினைத்திருந்தேன். என் ஊரான குருக்கள்மடத்திலிருந்து தனியாகப் போனவன்; அந்த எண்ணத்தைத் தட்டிவைக்கச் சொந்தக்காரர் ஒருவரும் பக்கத்தில் இல்லை.

எங்கள் அச்சுக்கூடத்தில் லைனோடைப் இயந்திரங்கள் ஓடின. முன்பெல்லாம் எழுத்தெழுத்தாகப் பொறுக்கிக் கையால் கோத்தார்களாம். இதில் ஒருவர் உட்கார்ந்து விசைகளைத் தட்டினால், எழுத்து குழிந்த பித்தளை அச்சுகள் மேலிருந்து சலசலவென்று இறங்கி வரிசையாக நிற்கும். உருகிய ஈயம் அவற்றில் பாய்ந்து, ஒரு வரி முழுவதும் ஒரே கட்டியாகச் சுடச்சுட வெளியே வரும். பிறகு ஒரு நீண்ட இரும்புக் கை பித்தளை அச்சுகளைத் தூக்கிக்கொண்டுபோய் அதனதன் அறையில் சேர்த்துவிடும். பின்னேரம் வந்த செய்திகூட அடுத்த நாள் பேப்பரில் ஏறியது இதனால்தான். ஒரேயொரு வில்லங்கம்: ஓர் எழுத்து பிழைத்தாலும் வரி முழுவதையும் மறுபடி வார்க்க வேண்டும். அதனால் இயந்திரக்காரர்களுக்கு என்னைக் கண்டாலே பிடிக்காது.

எனக்கு நாவற்குடாவில் பெண் நிச்சயமானது. கல்யாண விளம்பரத்தின் புரூஃபில் ஊர்ப்பெயர் ‘நாவல்குடா’ என்று இருந்தது. இயந்திரத்திலிருந்த பெரியவரிடம் போய்ப் புணர்ச்சி விதி சொன்னேன்.

“தம்பி, கலியாணத்துக்கு வாற சனம் ‘ல்’ போட்டாலும் வரும், ‘ற்’ போட்டாலும் வரும்,” என்றார். ஆனாலும் புது வரி வார்த்துத் தந்தார். “பக்கம் கட்டுற ஆள் சாப்பிடப் போயிட்டார். வந்து மாத்துவார், வையும்.”

நான் வைக்கவில்லை. ஈயத்தில் எழுத்துகள் இடவலம் மாறித்தான் இருக்கும். அதை வாசிப்பதும் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு என்று நினைப்பு. கட்டிவைத்திருந்த பக்கத்தில் ‘குடா’ என்று கண்ட வரியை உருவி எறிந்துவிட்டுப் புது வரியைச் செருகினேன்.

அடுத்த நாள் பத்துப் பிரதிகளோடு லீவில் ஊருக்கு ரயில் ஏறினேன். விளம்பரத்தைத் திரும்பப் பார்க்கவில்லை. நானே திருத்தியதில் பார்க்க என்ன இருக்கிறது? கூறைச்சேலை எடுக்கக் காத்தான்குடிக்குப் போனபோது, புடவைக்கடை முதலாளியிடம் ஒரு பிரதியைப் பெருமையாக நீட்டினேன். அவர் வாசித்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“தம்பி, இந்தப் பொண்ணுக்குக் கொம்பு இரிக்கா?”

வாங்கிப் பார்த்தேன். என் விளம்பரத்தில் ‘நாவல்குடா’ அப்படியே இருந்தது. அதற்குக் கீழே வேறொருவரின் அறிவித்தல்: “காணவில்லை. நாவற்குடா ஓய்வுபெற்ற ஆசிரியரின் மூத்த மகள், செவலை நிறம், இடது கொம்பு வளைந்தது. கண்டவர்கள் அறிவிக்கவும்.” என் புது வரியை அதில் செருகியிருக்கிறேன்; நான் உருவி எறிந்தது, “நாவற்குடாவில் மேயப் போன பசு” என்ற வரி.

பெண் வீட்டுக்குப் போனேன். வருங்கால மாமனார், அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், பேப்பரில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார்.

“கொம்ப விடுங்க மகன். ஊர்ப்பேர்ல ‘ல்’ போட்டிருக்கு. நீங்க தமிழ் படிச்ச ஆள்தானே?”

ஈயத்தில் எழுத்துகள் இடவலம் மாறியிருப்பதை விளக்கத் தொடங்கினேன். அதற்குள் அவருடைய மூத்த மகள் தேத்தண்ணியோடு வந்தாள்.

“காணாமப்போன ஆள் நான்தான். என்னத் தேடியா வந்த நீங்க?” என்றாள். சிரிக்கிறாளா, கல்யாணத்தை நிறுத்தப் போகிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. தேத்தண்ணியில் சீனி இருந்தது; அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

பசுக்காரர் இரண்டு வளவு தள்ளியிருந்தார். மன்னிப்புக் கேட்கப் போனேன். “மன்னிப்ப வெச்சு நான் பால் கறக்கேலா. வாங்க, தேடுவம்,” என்றார். வாவிக்கரையோரம் இரண்டு நாள் அவர் பின்னால் அலைந்தேன். மூன்றாம் நாள் ஒரு வயல்வட்டையில், யாரோ ஒருவருடைய இளம்பயிருக்கு நடுவில் அது ஆற அமர மேய்ந்துகொண்டிருந்தது. பசுக்காரர் வரம்பின் மறுபுறம் மெல்ல ஒதுங்கிக்கொள்ள, வயல்காரர் பசு என்னுடையது என்று நினைத்து என்னைத் திட்டித் தீர்த்தார். ஒரு சொல்லில்கூட இலக்கணப் பிழை இல்லை.