பிடரியைப் பிடி

புருலின் கைகள் மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தன. பனிச் சறுக்குக்கட்டை மேசைமேல் மல்லாந்து கிடக்க, இடது கை அதன் நுனியை அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை தகட்டை நுனியிலிருந்து வால்வரை ஒரே இழுப்பாக இழுத்தது. வெள்ளைச் சுருள்கள் தரையில் உதிர்ந்தன. அடுத்து ஓரத்து இரும்புக்கு அரம். கட்டைவிரல் நகத்தை இரும்பின் குறுக்கே வைத்து இழுத்தால் நகம் பொடியாகச் சீவப்பட வேண்டும், சீவப்பட்டது. ஆனால் நுனிப்பக்கம் ஒரு சாண் அளவுக்கு மட்டும் அதே கைகள் ரப்பர் கல்லை எடுத்து அந்தக் கூர்மையை வேண்டுமென்றே மழுக்கின. முதல்முறை நிற்கிறவருக்கு நுனி கூராக இருந்தால் பனி கட்டையைக் கவ்வி ஆளைக் கவிழ்த்துவிடும்.

"பொண்ணு வீட்டுக்கு அனுப்பற மாதிரி சீவி சிங்காரிக்கறீங்களே அக்கா, யாருக்கு?" என்று கேட்டான் எர்னிஸ். ஒற்றைப் பலகையில் சறுக்குகிறவன். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலை மறித்தபடி நின்றான்.

"என் மாணவனுக்கு."

"மாணவன் யாருன்னே தெரியாது. இனிமேதான் சீட்டு எடுக்கணும்."

"அதான் குட்டை ஒண்ணு, நெட்டை ஒண்ணு, ரெண்டு ஜோடி தயார் பண்றேன். கதவைச் சாத்து, மெழுகு இறுகுது."

காரகோல் மலையில் சறுக்க வருகிறவர்களுக்குக் கட்டையும் பூட்ஸும் வாடகைக்குத் தரும் கொட்டகையில் புருல் வேலைக்குச் சேர்ந்து பல குளிர்காலம் ஆகிவிட்டது. வருகிறவர் உள்ளே நுழையும்போதே பாத அளவைச் சொல்லிவிடுவாள். குனிந்து பூட்ஸை மாட்டுவாள், கொக்கியைப் போடுவாள், கணுக்காலைத் தட்டி "போங்க" என்பாள். அத்தோடு அவள் பங்கு முடிந்துவிடும். போனவர் என்ன ஆனார் என்பது கொட்டகையின் சின்ன ஜன்னலில் தெரியாது. அந்த ஜன்னலில் தெரிவதெல்லாம் சிவப்பு ஜாக்கெட் போட்ட பயிற்சியாளர்கள் அவர்களை அழைத்துக்கொண்டு சரிவுப் பக்கம் திரும்புவது வரைக்கும்தான். மாலையில் ஈரப் பூட்ஸ் திரும்பி வரும். காலையில் நடுங்கிக்கொண்டு போன முகம் சிரித்துக்கொண்டு வரும். நடுவில் என்ன நடந்தது? அந்த நடுவில் இருக்கத்தான் புருலுக்கு ஆசை.

பயிற்சியாளர் ஆவதற்கான வகுப்பு இரண்டு குளிர்காலத்துக்கு ஒருமுறை நடக்கும். நடத்துகிறவள் வால்யா. இளவயதில் சறுக்குப் பந்தயங்களில் ஓடியவள். ஒரு முழங்காலில் இரும்பு வைத்திருக்கிறார்கள். அவள் வைத்திருந்த சட்டம் ஒன்றுதான். கடைசி மூன்று நாள் ஒவ்வொருவருக்கும் ஊரிலிருந்து ஓர் ஆள். அதுவரை கட்டையிலோ பலகையிலோ கால் வைக்காத ஆள். மூன்று காலைப்பொழுது சொல்லிக்கொடுக்க வேண்டும். மூன்றாம் நாள் அந்த ஆள் குட்டிச்சரிவில் தனியாக இறங்கி, பைன் கிளை நட்ட கோட்டுக்குள் தானாக நிற்க வேண்டும். அப்போது சொல்லிக்கொடுத்தவர் கூவலாம், தொடக்கூடாது.

போனமுறை புருல் தொட்டுவிட்டாள். அவளுக்கு வாய்த்தவள் ஒரு பள்ளிக்கூட டீச்சர். பாதி வழியில் டீச்சர் தடுமாறியதும் புருல் பாய்ந்து கட்டிப்பிடித்தாள். இருவரும் உருண்டு சரிவின் அடியில் கட்டிய தடுப்பு வலையில் விழுந்தார்கள். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாள். வால்யா சிரிக்கவில்லை.

"நீ அவளைக் காப்பாத்தினே. கத்துக்கொடுக்கல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இது இரண்டாம் முறை. மூன்றாம் முறை யாருக்கும் கிடையாது.

இந்தமுறை வகுப்பு தொடங்கிய நாளிலிருந்தே வால்யா அவள் கைமேல் கண்ணாக இருந்தாள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் பழகும்போது புருலின் கை தானாக எதிராளியின் இடுப்புக்குப் போகும், தோளைத் திருப்பும், முழங்காலை மடக்கும். "புருல், கையைப் பாக்கெட்ல போடு!" என்று கீழேயிருந்து குரல் வரும். பாக்கெட்டில் போட்டால் வாய் அடைத்துக்கொள்ளும். என்ன சொல்வதென்று தெரியாமல் பாடப்புத்தகத்தில் இருந்ததை அப்படியே ஒப்பிப்பாள்: "உடல் எடையை முன்னோக்கிக் கொண்டுவரவும்." அதே வகுப்பில் இருந்த எர்னிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். "ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிப்பு சொல்றாங்கடா!"

ஒரு வாரம் கட்டைக்காரர்களைப் பலகையிலும் பலகைக்காரர்களைக் கட்டையிலும் ஏற்றினாள் வால்யா. தெரியாதவருக்கு எப்படி இருக்கும் என்பதை மறக்கக்கூடாது என்பதற்காக. இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்ட புருல் அந்த வாரம் முழுக்கப் பனியில் உட்கார்ந்தேதான் இருந்தாள். "அக்கா, பலகை நிக்கறதுக்கு. பெஞ்சு இல்ல" என்றான் எர்னிஸ். மறுநாள் கட்டை மாட்டிய அவன் பின்பக்கமாகவே சறுக்கிப்போய் சமையல்கூடத்துக் குப்பைத் தொட்டியில் மோதினான். புருல் அவன் தொப்பியிலிருந்து உருளைக்கிழங்குத் தோலை எடுத்துப் போட்டாள்.

மதியத்தில் அடுப்பைச் சுற்றிக் காலுறைகள் காயும். சந்தையிலிருந்து வந்த அஷ்லியான்ஃபூ என்ற குளிர்ந்த நூடுல்ஸ் சூப்பின் காரமும் காலுறை நாற்றமும் கலந்த அறையில், காலையில் எடுத்த வீடியோவைச் சுவரில் ஓட்டிக் காட்டுவாள் வால்யா. அதில் தன் கைகளைப் பார்க்கப் புருலுக்கே கூச்சமாக இருக்கும். எங்கே யார் தள்ளாடினாலும் அவை முன்னே நீண்டுவிடும்.

சீட்டு எடுத்தார்கள். புருலுக்கு வந்தது எகெம்பெர்தி. சமையல்கூடத்தில் வேலை செய்யும் சாய்ராவின் கணவன். குதிரைக்காரன். குதிரைமேல் இருந்தபடி ஆட்டைப் பறிக்கும் ஆட்டத்தில் அவனிடமிருந்து ஆட்டைப் பிடுங்கப் பக்கத்துப் பள்ளத்தாக்கிலும் ஆள் கிடையாது. ஆளும் மரப்பீரோ மாதிரி. நெட்டைக் கட்டைதான் சரிப்பட்டது.

"தங்கச்சி, அதிகம் மெனக்கெடாதே. சேணத்துல உக்காந்தே வளந்தவன். இது ரெண்டு பலகை" என்றான்.

முதல் காலை அந்த இரண்டு பலகையும் அவனை இழுத்துக்கொண்டு ஓடின. சரிவு தொடங்கியதும் அவன் பின்னால் சாய்ந்தான். இரண்டு கையையும் நெஞ்சுக்கு இழுத்தான். "த்ர்ர்ர்!" என்று குதிரையை நிறுத்தும் குரலில் கத்தினான். கட்டைகள் நிற்கவில்லை. சாயச் சாய வேகம் கூடியது. வலை அவனைப் பிடித்தது. சமையல்கூட ஜன்னலில் தலைகள் முளைத்தன.

"சாய்ரா, உன் குதிரை லாயத்துக்குப் போயிடுச்சு!"

"லாடம் மாத்தணும் போல!" என்றது சாய்ராவின் குரலேதான்.

"உடல் எடையை முன்னோக்கிக் கொண்டுவரவும்" என்றாள் புருல், கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு. நுனிகளைச் சேர்த்து, வால்களை விரித்து, கலப்பைபோல வைத்தால் நிற்கும் என்று செய்தும் காட்டினாள். அவன் தலையாட்டினான். மறுபடி வலைக்குள் போனான். நாலாம் முறை எழுந்தபோது சிரிப்பு போய்விட்டிருந்தது. காதுவரை சிவந்திருந்தான்.

இரண்டாம் காலையும் பாதி அப்படியே கழிந்தது. பெஞ்சில் உட்கார வைத்து ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"இந்த வயசுல பொம்பளைங்க முன்னாடி இப்படி விழுந்ததில்ல தங்கச்சி. என் கையிலேருந்து எவனும் ஆட்டைப் பிடுங்கினதில்ல. இதுங்க என்னையே பிடுங்கிட்டுப் போகுதுங்க. நாளைக்கு வேற யாரையாவது கூட்டிக்கோ."

"வேற ஆளு கிடையாதுண்ணே. நீங்க விழுந்தா நானும் விழுந்தேன்."

புருல் சரிவைப் பார்த்தாள். அவன் இறங்கிய தடம் பனியில் இரண்டு கோடாக, கயிறு போட்டது மாதிரி நேராகக் கிடந்தது. கலப்பையே இல்லை. மேலே கிளம்பும்போது விரித்துத்தான் கிளம்பினான். பயம் வந்த இடத்தில் கோடுகள் நெருங்கிவிட்டன. அவன் கால்களைப் பார்த்தாள். பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே முழங்கால்கள் எதையோ கவ்விக்கொண்டிருந்தன.

"அண்ணே, பயந்தா காலை இறுக்கறீங்களே, எதுக்கு?"

"பின்னே? இறுக்கலைன்னா விழுந்துடுவோம்ல."

"இறுக்கினா குதிரை என்ன பண்ணும்?"

"இன்னும் வேகமா ஓ..." என்றவன் நிறுத்தினான். தன் கட்டைகளைக் குனிந்து பார்த்தான். "அடப்பாவி" என்றான், அவற்றிடம்.

புருலும் மேய்ச்சல்காட்டில் குதிரைமேல் வளர்ந்தவள்தான். எத்தனையோ குளிர்காலம் விழுந்து விழுந்து இதே பழக்கத்தை உதறியவள். உடம்பு எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது. வாய்க்கு அது சொல்லவே இல்லை. பாக்கெட்டுக்குள் தன் கைகளும் கடிவாளத்தைப் பிடித்ததுபோல மூடிக் கிடப்பதை அப்போதுதான் உணர்ந்தாள். விரல்களைப் பிரித்தாள்.

"கால் நடுவுல குதிரை இருக்குண்ணே. வசந்தப் புல்லு தின்னுது. தின்னத் தின்ன வயிறு உப்புது. குதிகாலை வெளியே தள்ளிக்கிட்டே போகுது. நீங்க இறுக்காதீங்க. தின்னட்டும்."

எகெம்பெர்தி நின்றான். குதிகால்கள் வெளியே நகர்ந்தன. நுனிகள் சேர்ந்தன. கலப்பை.

"சரி. மலை ஏறும்போது எப்படி உக்காருவீங்க?"

"முன்னாடி சாஞ்சு. பிடரியைப் பிடிச்சுக்கிட்டு."

"இறங்கும்போது?"

"பின்னாடி சாஞ்சு. இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"இங்க இறங்கும்போதும் ஏறுறதாவே நெனச்சுக்குங்க."

"கீழ போறப்போ மேல போறதா நெனைக்கணுமா? வெளிய சொன்னா சிரிப்பாங்க."

"சொல்லாதீங்க. பிடரியைப் பிடிங்க, போதும்."

அந்தக் காலையில் அவன் வலையை இன்னும் ஒருமுறைதான் பார்த்தான்.

மூன்றாம் நாள் வானம் தெளிந்திருந்தது. முந்தின நாள் வெயிலில் உருகிய பனி ராத்திரி உறைந்து, சரிவின் நடுவில் கண்ணாடிபோல ஒரு திட்டு பளபளத்தது. கோட்டை ஒட்டிப் பின்னால் வால்யாவும் அவளுக்குப் பக்கத்தில் புருலும் நின்றார்கள். மேலே எர்னிஸ் எகெம்பெர்தியை லிஃப்டிலிருந்து இறக்கி நிறுத்திவிட்டுக் கையசைத்தான்.

எகெம்பெர்தி கிளம்பினான். கைகள் முன்னே, இல்லாத பிடரியில். கலப்பை நன்றாக விரிந்திருந்தது. வால்யா முழங்காலைத் தேய்த்துக்கொண்டு பார்த்தாள்.

கண்ணாடித் திட்டில் ஒரு கட்டை வழுக்கியது. முழங்கால்கள் இறுகின. கோடுகள் நெருங்கின. உடம்பு பின்னால் போகப் பார்த்தது. அவன் நேராகப் புருலை நோக்கி வந்தான், வேகமாக. ஜன்னலில் யாரோ "ஐயோ!" என்றது கேட்டது.

புருலின் கைகள் பாக்கெட்டில் இல்லை.

"புல்லு! அண்ணே, புல்லு தின்னுது! பிடரி!"

அவன் காது அவள் குரலைப் பிடித்துக்கொண்டது. குதிகால்கள் வெளியே போயின. ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பனி இரண்டு பக்கமும் விசிறியது. மார்பு முன்னே வந்தது. "த்ர்ர்ர்ர்!" என்று அவன் கத்திய சத்தம் பைன் மரங்கள்வரை போனது. கட்டைகளின் நுனி புருலின் பூட்ஸை முட்டாத குறையாக வந்து நின்றது.

அவள் கைகள் அவன் தோளுக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றில் நின்றன.

வால்யா பைன் கிளைகளைப் பார்த்தாள். கட்டையின் நுனி கோட்டைத் தாண்டவில்லை. பிறகு அந்தக் கைகளைப் பார்த்தாள்.

"கை வெளிய வந்துடுச்சு."

"வந்துடுச்சு அக்கா. தொடல."

"பார்த்தேன்." வால்யா திரும்பி நடக்கத் தொடங்கினாள். நாலடி போய் நின்றாள். "சிவப்பு ஜாக்கெட் உன் அளவுல இல்ல. பெருசுதான் இருக்கு. கையை மடிச்சு விட்டுக்கோ. அது என்ன, புல்லு?"

"அது எங்க ஊர்ப் பேச்சு அக்கா."

"எர்னிஸுக்கும் சொல்லிக்கொடு. அவனுக்கு வாய்ச்சதும் ஒரு குதிரைக்காரன்தான்."

புருல் குனிந்தாள். ஒரு கட்டையின் கொக்கியைத் தட்டி விடுவித்தாள், அடுத்ததையும். எகெம்பெர்தியின் கால்கள் இன்னும் விரிந்தே இருந்தன. மூட மனமில்லாதவன்போல நின்றான். சமையல்கூடக் கதவு திறந்து, கையில் மாவோடு, தலையில் துணியோடு சாய்ரா ஓடிவந்தாள்.

"ஏன்யா, குதிரையையே கூட்டிட்டு வந்துட்டியா, த்ர்ர்னு கத்தற?"

"அது நின்னுச்சுல்ல" என்றான் அவன்.

இப்போது தொடலாம். புருல் அவன் முழங்கையைப் பிடித்து, கட்டைகளிலிருந்து இறக்கி, இரண்டடி நடத்தி, மாவு ஒட்டிய சாய்ராவின் கையில் அவன் கையை வைத்தாள்.

"எடுத்துக்குங்க அக்கா. நிக்கக் கத்துக்கிட்டார்."