சூடம் அணைத்த ஊர்

இசைவாணி சாமி கும்பிடுவதில்லை என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதும் இல்லை. சிவகாசியிலிருந்து ஆலங்குளம் போகிற சாலையில், கரிசல் காட்டுக்கு நடுவே நூற்றிருபது வீடுகள் இருக்கிற ஊர் அது. காளியம்மன் கோயில் பொங்கலுக்கு அவளும்தான் கல் கூட்டிப் பானை வைத்தாள். முளைப்பாரி தூக்குகிற பிள்ளைகளுக்குத் தலை பின்னிவிட்டாள். தீபாராதனை நேரத்தில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பாள். "அவ அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள்.

என்ன துக்கம் வந்து சாமியை விட்டாய் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல அவளிடம் கதை எதுவும் கிடையாது. பதின்மூன்று வயதில் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சாபீசுக்குத் தாள் அடுக்கப் போனாள். நிறம் விலகி, ஒரு மூக்குக்குப் பக்கத்தில் இன்னொரு மூக்கோடு வருகிற முருகனையும் லட்சுமியையும் வேஸ்ட் என்று கீழே தள்ளுவார்கள். மேஸ்திரி அந்தக் கட்டின்மேல் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். நன்றாக வந்த தாளில் அவர் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இரண்டும் ஒரே மையில் அடித்தவை. நாலைந்து வருஷம் அதைப் பார்த்தாள். ஒருநாள் கும்பிடத் தோன்றவில்லை. அதற்குப் பிறகும் தோன்றவில்லை.

புருஷன் சங்கிலிமுத்து அதற்கு நேர்மாறு. கொட்டுச் சத்தம் கேட்டாலே அவனுக்கு உடம்பு நடுங்கும். வருஷா வருஷம் விரதம் இருந்து பூக்குழி இறங்குவான். கல்யாணமான புதிதில் அவளைத் திருத்தப் பார்த்தான், பிறகு விட்டுவிட்டான். பிள்ளை இல்லை. அதற்குக் காரணம் அவள் கும்பிடாததுதான் என்று ஊரில் ஒன்றிரண்டு பேர் சொன்னபோதுகூட அவன் அதை வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. அந்த ஒன்றுக்காகவே அவனோடு இருபத்திரண்டு வருஷம் ஒட்டியிருந்தாள் இசைவாணி.

பக்கத்து வீடு சங்கிலிமுத்துவின் தங்கை அழகுமீனாவுடையது. புருஷன் பைக் விபத்தில் போனபின், ஓவியா என்கிற ஒற்றை மகளோடு இருந்தாள். மதினியும் நாத்தனாரும் ஒரே பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை பார்த்தார்கள். சங்கிலிமுத்துவும் அங்கேதான் லோடு ஏற்றினான். காலை ஆறரைக்குக் கம்பெனி வேன் வரும். வேனில் இரண்டு பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போவார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன், வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை அது. தீபாவளி ஆர்டர் குவிந்திருந்தது. ஓர் அறையில் நாலு பேருக்குமேல் இருக்கக் கூடாது என்று சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். அழகுமீனா இருந்த அறையில் அன்றைக்கு ஆறு பேர். கலந்த வெடிமருந்தை அன்றன்றைக்கே குழாயில் செலுத்தி முடித்துவிட வேண்டும், மிஞ்சினால் அழித்துவிட வேண்டும். ஆனால் முந்தின நாள் மிச்சத்தை மூடிவைத்திருந்து காலையில் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அது கட்டி தட்டிக் கிடக்கிறது என்று அழகுமீனா வாசலுக்கு வந்து அடுத்த அறையில் இருந்த மதினியிடம் சொன்னாள். இசைவாணி போர்மேன் ராக்கப்பனைத் தேடிப் போய், அதை உடைக்கச் சொல்லாதீர்கள், கொட்டிவிடுங்கள் என்றாள்.

ராக்கப்பன் கெட்டவர் இல்லை. வெள்ளி தவறாமல் ஒவ்வொரு அறை வாசலிலும் எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி வைப்பார். கம்பெனிக்குள் நெருப்பு ஆகாது என்பதால் சூடம் கிடையாது, பழம் மட்டும்தான். அன்றைக்கும் அதைத்தான் வைத்துக்கொண்டிருந்தார்.

"முதலாளி கொட்டச் சொல்லணும்லம்மா. பழம் வச்சாச்சு. ஆத்தா பாத்துக்கிடுவா. நீ போயி வேலயப் பாரு" என்றார்.

பதினொரு மணிக்கு அந்த அறை போனது. ஓட்டை வீட்டுக் கதவு காற்றில் அடித்தாற்போல ஒரு சத்தம்தான் முதலில் கேட்டது. அதற்குப் பிறகு இசைவாணிக்குக் காது கேட்கவில்லை. தவழ்ந்து வெளியே வந்து பார்த்தபோது அந்த இடத்தில் கூரையும் இல்லை, மூன்று பக்கச் சுவரும் இல்லை. அங்கேயே நாலு பெண்கள் செத்துப்போனார்கள். அழகுமீனாவை மதுரைக்குக் கொண்டுபோனார்கள்.

இரண்டு நாள் உயிர் இருந்தது. மறுநாள் மத்தியானம் கண் திறந்து மதினியைத்தான் தேடினாள்.

"மதினி, மருந்து கட்டியா கெடக்குன்னு சொன்னேன்ல?"

"சொன்ன தாயீ."

"அதச் சொல்லிரு."

அவ்வளவுதான் பேசினாள். சாயங்காலம் மாஜிஸ்திரேட் வாக்குமூலம் வாங்க வந்தபோது அவளுக்குப் பேச்சு இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கோயில் வாசலில் ஊர் கூடியது. ஆண்கள் மட்டும். வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். ஒரு சண்டையால் மூன்று வருஷமாகக் கோயில் பொங்கல் நடக்காமல் இருந்தது. அந்தக் கோபத்தில்தான் ஆத்தா அஞ்சு பேரை எடுத்துக்கொண்டாள் என்று பூசாரி அருள்வந்து சொன்னாராம். முதலாளி ஆள் விட்டுச் சொல்லி அனுப்பியிருந்தார். கோயிலைக் கோபுரத்தோடு எடுத்துக் கட்டித் தருகிறேன், கும்பாபிஷேகம் நடத்தித் தருகிறேன், செத்தவர்கள் வீட்டில் ஒரு ஆளுக்கு வேலை. ஊர் ஒரு வார்த்தை மட்டும் கொடுத்தால் போதும். இது தெய்வக்குத்தம், கம்பெனிமேல் குற்றம் இல்லை, எங்கே கேட்டாலும் இந்த ஊர் ஆள் யாரும் மாற்றிப் பேசக் கூடாது. ஒவ்வொருவராக வந்து எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணினார்கள். ஒருவர் அணைத்தால் அந்த வீட்டில் உள்ள அத்தனை பேரையும் அது கட்டும்.

சங்கிலிமுத்து வீடு வந்தபோது வலது உள்ளங்கை கறுத்திருந்தது. இசைவாணி சோறு போட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நீகளும் அணைச்சீகளா?"

அவன் இடது கையால் செம்பை எடுத்து உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டான்.

"கூடப் பொறந்தவ. தோலு உரிஞ்சி செத்தா."

"எனக்குத் தெரியாதா? ஊரே அணைக்கும்போது நான் மட்டும் எப்படி நிப்பேன்? ஆத்தா கோவத்துல எடுத்துக்கிட்டா. இனி என்ன செய்ய முடியும்? ஓவியாவுக்கு ஒரு வேல வேணும்ல."

"கட்டி மருந்தக் குடுத்தது ஆத்தாளா?"

"நீ பேசாத" என்றான். சத்தம் போடவில்லை. கெஞ்சுகிறாற்போலத்தான் சொன்னான். "நீ கும்பிடாட்டிப் போ. எங் கைய எரிச்சிக் குடுத்த வார்த்த. அத நீ ஒடச்சா எனக்குத்தான் வந்து விழும்."

அந்த நிமிஷம்வரை சாமி என்பது தன்னைச் சேராத ஒன்று, ஊரில் மற்றவர்கள் வைத்திருக்கிற பொருள் என்றுதான் இசைவாணி நினைத்திருந்தாள். கும்பிடுகிறவர்கள் கும்பிடட்டும், நாம் ஓரமாக நின்றுகொள்ளலாம் என்று இருபத்தைந்து வருஷம் இருந்தாயிற்று. இப்போது நிற்பதற்கு அந்த ஓரம் இல்லை. அவள் கேட்காமலே, அவள் அங்கே இல்லாமலே, அவள் வாயையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

ஒரு வாரம் யோசித்தாள். பிறகு பஸ் ஏறிப் போய், விசாரணை நடத்திய அதிகாரியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். நடுவயது மனுஷன், நெற்றியில் விபூதி. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, நீங்கள் செத்தவருக்குச் சொந்தம், உங்கள் பேச்சு மட்டும் கோர்ட்டில் நிற்காது, அந்த அறையில் இருந்தவர் யாராவது வந்து சொன்னால்தான் கேஸ் பிடிக்கும் என்றார்.

அந்த அறையிலிருந்து உயிரோடு வந்தவள் இருளம்மாள்தான். காகிதக் குழாய் எடுக்க வெளியே போனவள் தப்பித்தாள். ராக்கப்பன் சொன்னதையும் பக்கத்தில் நின்று கேட்டவள். மருமகளை அந்த அறையிலேயே பறிகொடுத்திருந்தாள். இசைவாணி போனபோது மருமகள் பெற்ற நாலு வயதுப் பயலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

நேரடியாகவே கேட்டாள் இசைவாணி. நீங்கள் பார்த்தீர்கள், கேட்டீர்கள், வந்து சொல்லுங்கள் சித்தி என்றாள்.

இருளம்மாள் பயலைத் துவட்டி வெளியே அனுப்பிவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"எனக்கு மறந்தா போச்சு? ராத்திரி கண்ண மூடுனா அதுதான் நிக்கி. ஆனா எங்க வீட்டுலயும் சூடத்த அணைச்சிருக்கு. நான் வாயத் தெறந்தா இந்தப் பயலுக்கு ஏதாவது ஆயிரும்த்தா. மிச்சம் இருக்கது இவன் ஒருத்தன்தான்."

இசைவாணிக்கு அப்போது வேறு வழி தெரியவில்லை. வாழ்நாளில் பேசாத பேச்சைப் பேசினாள். "அஞ்சு பொம்பளைகள எரிச்சவன் கோபுரம் கட்டிக் குடுத்தா ஆத்தா வாங்கிக்கிடுவாளா சித்தி? நீங்க கும்பிடுற ஆத்தா அப்படியாப்பட்டவளா? அவளுக்கு நியாயம் வேண்டாமா?"

இருளம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது.

"ஆத்தாளப் பத்தி நீ பேசலாமா? நீதான் கும்பிட்டதே இல்லயே."

இசைவாணி எழுந்து வந்துவிட்டாள். பதினோரு வீடு ஏறி இறங்கினாள். எல்லா வீட்டிலும் உண்மை இருந்தது, எல்லா வீட்டிலும் சூடமும் அணைத்திருந்தது. அதற்குப் பிறகு ஊர் அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. கூப்பிடுவதை நிறுத்திவிட்டது. குழாயடியில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். சிவகாசியில் எந்தக் கம்பெனி வேனும் அவளுக்காக நிற்கவில்லை. சங்கிலிமுத்துவுக்கு மறு வைகாசி பிறந்ததும் காலில் ஒரு புண் வந்து ஆறாமல் கிடந்தது. சர்க்கரை என்றார் டாக்டர். அவன் அவளைப் பார்த்தான். அன்றிலிருந்து அவள் வைத்த சோற்றை அவன் தொடவில்லை.

விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்கிற கமாலுதீன் கடையில் புடைத்துச் சலிக்கிற வேலை கிடைத்தது. எதற்காக இவ்வளவு தூரம் வருகிறீர்கள் என்று அவர் ஒருநாள் கேட்டபோது சொன்னாள். முழுக்கக் கேட்டுவிட்டுத் தராசைக் கீழே வைத்தார்.

"ஒங்க ஊர்ல மட்டும்னு நெனைக்காதீகம்மா. எங்க தங்கச்சி ஹாதியாவ அடிச்சு வெரட்டுன மாப்பிள்ளைதான் எங்க ஜமாத்துல முன் வரிசைல நிக்கான். கேக்கப் போனா அல்லாவுக்கே எதிரா நிக்கோம்னு ஆக்கிருவாக. நானே கேக்கல" என்றார்.

வேலை தந்ததற்கு மட்டும் இல்லை, அந்தக் கடைசி வார்த்தைக்காகவும் அவருக்கு அவள் நன்றி சொல்ல நினைத்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு போய்ப் புடைக்க உட்கார்ந்தாள்.

கேஸ் போன வருஷம் விசாரணைக்கு வந்தது. ஊரிலிருந்து பதினாலு சாட்சிகள். எல்லாரும் குளித்து முழுகி, நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்திருந்தார்கள். கடவுள் அறிய உண்மை சொல்கிறேன் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு, எதையும் பார்க்கவில்லை என்றார்கள். இருளம்மாள் குழாய் எடுக்கப் போனதையே மறந்துபோனாள். இசைவாணி முறை வந்தபோது கடவுள் பேரில் வேண்டாம், மனசார உறுதி சொல்கிறேன் என்றாள். அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு, அப்படியே எழுதிக்கொண்டார்கள். கம்பெனி வக்கீல் எழுந்து முதலில் கேட்டது அதைத்தான்.

"அப்ப ஒங்களுக்குக் கடவுள் பயம் கெடையாது?"

"இல்ல."

"பொய் சொன்னா யாரும் தண்டிப்பாங்கன்னு பயமும் இல்ல?"

"நான் பயந்து சொல்ற உண்மை இல்லங்கய்யா இது."

இந்தக் கேள்வி தேவையில்லை என்று நீதிபதி தடுத்தார். ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்த ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இசைவாணி திரும்பிப் பார்க்காமலே அது அவளுக்குத் தெரிந்தது. கடவுளை முன்வைத்துப் பதினாலு பேர் பொய் சொன்னார்கள். கடவுள் இல்லாமல் ஒருத்தி உண்மை சொன்னாள். நம்பத் தகாதவள் என்று அவர்கள் முடிவு செய்தது அந்த ஒருத்தியைத்தான்.

போதுமான சாட்சியம் இல்லை என்று தை மாதம் கம்பெனிக்காரர்கள் எல்லாரையும் விட்டுவிட்டார்கள். அழகுமீனா சொல்லச் சொன்னதைச் சொல்லியாயிற்று. சொன்னது கோர்ட் காகிதக் கட்டுக்குள் எங்கோ இருக்கிறது.

பங்குனியில் கும்பாபிஷேகம். ஆளுங்கட்சிக்காரரும் எதிர்க்கட்சிக்காரரும் ஒரே வேனில் வந்து இறங்கினார்கள். கலசத்தின்மேல் ட்ரோன் பறந்து புனித நீரைத் தெளித்தது. தலையில் பட்டுப் பரிவட்டம் கட்டி முதலாளி நின்றார், அவருக்குப் பக்கத்தில் அவளிடம் வாக்குமூலம் எழுதிய அந்த அதிகாரியும் பரிவட்டம் கட்டிக்கொண்டு நின்றார். தெருமுனையில் நின்ற இசைவாணியை அவர் அடையாளம் கண்டுகொண்டார் போலிருக்கிறது. சட்டென்று கண்ணை மூடிக் கும்பிட ஆரம்பித்தார். கோயில் சுவரில் கல் பதித்து உபயதாரர் பெயரை வெட்டியிருந்தார்கள். செத்த ஐந்து பெண்களின் பெயர் அதில் இல்லை, வேறெங்கும் இல்லை. சங்கிலிமுத்து புண் காலோடு கூட்டத்தில் அருள்வந்து ஆடினான். நாலு பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்தவர்களில் ஒருவர் ராக்கப்பன்.

வெடிப்புக்குப் பின் சீல் வைத்திருந்த கம்பெனி அடுத்த திங்கட்கிழமை மறுபடி திறந்தது. சொன்ன சொல் தவறாமல் ஓவியாவுக்கு வேலை கொடுத்தார்கள். பதினெட்டு முடிந்திருந்தது அவளுக்கு. முந்தின நாளே புதுக்கோயிலில் வைத்து வேலைக்குச் சேர்கிற பிள்ளைகள் எல்லாரும் சூடம் அணைத்துவிட்டார்களாம். காலையில் புதுச் சுடிதார் போட்டு, சாப்பாட்டுத் தூக்கோடு வந்து, "போயிட்டு வாரேன் அத்தை" என்று வாசலில் நின்றாள். இரண்டு வருஷமாக ஊரில் இசைவாணியோடு பேசுகிற ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான்.

எந்த அறையில் போட்டிருக்கிறார்கள் என்று இசைவாணி கேட்டாள். தெரியாது, போனால்தான் சொல்வார்கள் என்றாள் ஓவியா. போகாதே என்று சொன்னால் அவளுக்குக் கொடுக்க இசைவாணியிடம் வேறு வேலை இல்லை, வேறு சோறும் இல்லை. வேன் ஹாரன் அடித்தது. பெண் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்துவிட்டதைக் கையாட்டிக் காட்டினாள்.

வேன் சாலையில் திரும்பி மறைந்தபின் இசைவாணி கதவைச் சாத்தினாள். விருதுநகர் பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. எப்போதும் போல நடக்க ஆரம்பித்தாள்.