மூணாம் வரிசை ஓரத்து நாற்காலி

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை, நெஞ்சு சளிக்காரர்களையும் விலாவில் அடிபட்டவர்களையும் பலகையோடு ஒட்டி நிறுத்தி, "மூச்சை இழுத்துப் பிடிங்க... அசையாதீங்க... ம், விடலாம்" என்று சொல்வது அவள் வேலை. தேன் ஒழுகும் குரல் ஒன்றும் இல்லை, கொஞ்சம் கரகரப்புதான். ஆனாலும் அந்தக் குரல் சொன்னால் அடங்காத இருமலும் அரை நிமிஷம் அடங்கிவிடும் என்று நர்சுகள் கேலி பேசுவார்கள்.

வேலை முடிந்து வெளியே வந்தால் அவள் வேறு ஆள். தம்பி கிட்டார் வாசிப்பான். தம்பி மனைவி ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு அதையே தாளமாகத் தட்டுவாள். அக்கா பாடுவாள். மூன்று பேரும் சேர்ந்த அந்தக் குழுவுக்குக் 'கடைசி ஸ்டாப்' என்று பெயர். கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது. பாட்டு எழுதுவதும் அவர்கள்தான், ஒயரைச் சுருட்டி வேனில் ஏற்றுவதும் அவர்கள்தான். நூலக மாடி, புத்தகக் கடையின் பின்பக்கம், காபிக் கடை மூலை என்று யார் இடம் கொடுத்தாலும் பாடுவார்கள். நாற்பது பேர் வந்துவிட்டால் தம்பிக்குத் தலைகால் புரியாது.

பாட்டெல்லாம் வீட்டு ஆட்களைப் பற்றியதுதான். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்கும் அம்மா, கல்யாண போட்டோ எதிலும் கண் திறக்காத சித்தி, சீட்டாட்டத்தில் தோற்றால் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்கும் மாமா. கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் சிரிப்பு நின்றுபோகும். அது அப்பாவைப் பற்றியது.

அப்பா முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். இவள் ஆறு வயதிலிருந்து பதினாறு வயது வரை பள்ளி ஆண்டுவிழாவில் வருஷம் தவறாமல் பாடினாள். அவர் ஒரு தடவையும் வந்ததில்லை. அம்மா மட்டும் பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடித்து வைத்திருப்பாள்.

*மூணாம் வரிசை ஓரத்து நாற்காலி*
*அம்மாவோட கைப்பை உட்கார்ந்த நாற்காலி*
*மணியடிச்சுப் போகுது அப்பாவோட பஸ்ஸு*
*எங்க ஸ்கூல் வாசல்ல நிக்காத பஸ்ஸு*

இதைக் கேட்டு முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். போகிற இடமெல்லாம் "நாற்காலிப் பாட்டு, நாற்காலிப் பாட்டு" என்று கேட்க ஆரம்பித்தார்கள். 'எங்க வீட்டு ஆளுங்க' என்று முதல் ஆல்பம் போடலாம் என்று முடிவானபோது, அந்தப் பாட்டுதான் முதலில் வரவேண்டும் என்று தம்பி ஒற்றைக் காலில் நின்றான்.

அக்கா இழுத்தாள். "அப்பா கேட்டா?"

"அவர் போனை எடுக்கறதே பேசறதுக்கு மட்டும்தான். அவர் காதுக்கு எங்க போகப்போகுதுக்கா?"

போனது. ரெக்கார்டிங்குக்குப் பத்து நாள் இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் நூலகத்தில் நிகழ்ச்சி. மூன்றாவது பாட்டின் நடுவில் பார்க்கிறாள், இரண்டாம் வரிசையில் அம்மா. பக்கத்தில், இஸ்திரி போட்ட சட்டையில், கையைக் கட்டிக்கொண்டு அப்பா. பக்கத்து வீட்டம்மா யாரோ அம்மாவிடம் பாட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அம்மாவும் விஷயத்தைச் சொல்லாமல் அவரைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

நாற்காலிப் பாட்டைத் தாண்டிப் போய்விடலாம் என்று அவள் தம்பிக்குக் கண்ணைக் காட்டினாள். அதற்குள் பின்வரிசையிலிருந்து "நாற்காலி!" என்று ஒரு குரல். உடனே கைதட்டல். தப்பிக்க வழியில்லை. எதிர்ச்சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியைப் பார்த்தபடியே முழுப் பாட்டையும் பாடி முடித்தாள்.

கூட்டம் கலைந்ததும் அப்பா அகராதி அலமாரிப் பக்கம் நின்றிருந்தார். இவள் போய் எதிரே நின்றாள்.

"எங்க பஸ்ஸுக்கு ஏது மணி? அமுக்கினா கத்தற பஸ்ஸர்தான் வச்சிருந்தாங்க" என்றார்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பொண்ணு ஊர் முன்னாடி உங்களைக் கிழிச்சுத் தொங்க விட்டிருக்கா. உங்களுக்குப் பஸ்ஸர்தான் பெருசாப் போச்சா?"

அவர் ஒரு அகராதியை எடுத்தார். திறக்காமலே திரும்ப வைத்தார். "ஒரு வருஷம் வந்தேன்" என்றார்.

"எப்ப?" அம்மாவும் மகளும் சேர்ந்தே கேட்டார்கள்.

"இவளுக்கு எட்டு வயசு. ஷிஃப்ட் மாத்திக்கிட்டு வந்தேன். லேட்டாயிடுச்சு. கதவுகிட்டயே நின்னேன். நீ நல்லாத்தான் பாடிட்டிருந்தே. என்னைப் பார்த்தே, அப்படியே நின்னுட்டே. வரி மறந்துபோச்சு. டீச்சர் எடுத்துக் கொடுத்தும் வரல, அழுதுட்டே உள்ள ஓடிட்டே." அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "நான் வந்ததாலதான் கெட்டுச்சுன்னு நெனச்சேன். அதோட வர்றத விட்டுட்டேன்."

"வீட்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" என்றாள் அம்மா.

"என்னன்னு சொல்றது?"

எட்டு வயதில் பாட்டு மறந்தது இவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பச்சைக் கவுன், மேடையின் மரவாசனை, டீச்சரின் உதட்டசைவு எல்லாம் இருந்தது. கதவும் அங்கே நின்ற ஆளும் மட்டும் எவ்வளவு துழாவினாலும் கிடைக்கவில்லை. அடுத்த நாள் வேலையில் இதே யோசனை. ஒரு பெரியவரை மூச்சைப் பிடிக்கச் சொன்னவள், விடச் சொல்ல மறந்துவிட்டாள். "தாயி, நான் இருக்கவா போகவா?" என்று அவர் திணறிக்கொண்டு கேட்டபோதுதான் தன்னிலைக்கு வந்தாள்.

தம்பியிடம் சொன்னாள், பாட்டை அப்படியே ரெக்கார்ட் பண்ண முடியாது என்று.

"ஒரு வருஷம்தானேக்கா வந்தாரு? மிச்சம் பத்து வருஷம் வரல இல்ல? பாட்டு பொய்யில்ல."

"பொய்யில்ல. ஆனா முழுசும் இல்ல."

தம்பி மனைவி பெட்டியை இரண்டு தட்டு தட்டினாள். "இன்னொரு சரணம் எழுதுங்க அண்ணி. நான் தாளத்துல இடம் விடறேன்."

எழுதினாள். அடித்தாள், மறுபடி எழுதினாள். ரெக்கார்டிங்குக்கு முந்தின நாள் சாயங்காலம் பெற்றோர் வீட்டுக்குப் போய், பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் மெட்டில்லாமல் வாசித்துக் காட்டினாள்.

*கதவோரம் நின்னவர என் கண்ணு பாத்துச்சா*
*பாத்ததால பாட்டு நாக்க விட்டுப் போச்சா*
*தெரியலப்பா, தெரியல*

அப்பா மடித்த துண்டை மறுபடி உதறி மடித்தார்.

"தெரியலன்னு ரெண்டு தடவை வருது."

"ஆமா."

"ரெண்டு தடவையும் இருக்கட்டும்."

கேட்கவா வேண்டாமா என்று தயங்கிவிட்டு அவள் கேட்டே விட்டாள். "மத்த வருஷமும் வந்திருக்கலாம்லப்பா?"

"வந்திருக்கலாம்" என்றார். துண்டைக் கூடையில் வைத்தார். "வந்திருக்கணும்."

அவர் அதற்கு மேல் காரணம் எதுவும் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக அவளுக்குள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அந்த ஒற்றை வார்த்தைக்கு இளகியது. இருவருமாக மிச்சத் துணியை மடித்து முடித்தார்கள்.

ஆல்பம் வெளிவந்தது. பழைய பாட்டே இன்னும் உருக்கமாக இருந்தது என்று சிலர் குறைப்பட்டார்கள். நிகழ்ச்சிகளில் முன்போல் எல்லோரும் அழவும் இல்லை. ஆனால் பாட்டு முடிந்ததும், தங்கள் அப்பாவைப் பற்றியோ அம்மாவைப் பற்றியோ ஏதாவது சொல்ல இரண்டு பேராவது மேடைப்பக்கம் வந்து நின்றார்கள். அக்கா ஒயரைச் சுருட்டியபடியே எல்லோர் கதையையும் கேட்டாள். பாட்டில் மணி போய்ப் பஸ்ஸர் வந்துவிட்டது. தாளத்தில் அது இடிக்கிறது என்று தம்பி இன்றுவரை புலம்புகிறான்.

வெளியூரிலிருந்து முதல் அழைப்பு வந்தபோது அப்பா கேட்ட ஒரே கேள்வி, "வேனை யார் ஓட்டறா?"

"நான்தான்" என்றான் தம்பி.

"நீ கிளட்ச்ச மிதிக்கிற லட்சணம் எனக்குத் தெரியும். சாவியக் கொடு."

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் டயரைத் தட்டிப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். அம்மா வீட்டுக் கதவை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு வந்து ஏறினாள். ஊர் எல்லை தாண்டியதும் பின்சீட்டில் மெதுவாக ஒத்திகை தொடங்கியது. இரண்டு வரி போவதற்குள் அப்பா தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் மகளைப் பார்த்தார்.

"கொஞ்சம் சத்தமாப் பாடும்மா. எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

அவள் சத்தமாகப் பாடினாள்.