நேசம் மிஸ்ஸியின் ஞாயிறு வகுப்பு

செவ்வாய்க்கிழமை, எங்கள் ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்துப் பெட்டிகளை இறக்க வந்த லாரிக்காரர் சுப்பையா, "டிரசரே, நேசம் மிஸ்ஸி போயிட்டாங்க" என்றார்.

"இப்ப எந்த வகுப்புக்கு?" என்று கேட்டேன். ஐம்பது வயதுக்குமேல் இரண்டு முறை சிங்கப்பூர் போய்ப் பயிற்சி எடுத்து வந்த தாதியைப் பற்றி வேறு எப்படி நினைப்பது? சுப்பையா தொப்பியைக் கழற்றிய பிறகுதான் புரிந்தது.

ரந்தாவில் மிஸ்ஸியின் வகுப்பில் என்னோடு தண்டனை அனுபவித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுற்றுவட்டாரத் தோட்டங்களில் என்னைப் போல நோய் பார்த்து மருந்து கொடுக்கும் டிரசர்களையும் தாதிகளையும் உட்காரவைத்துப் பாடம் நடத்துவார். அவசரகாலம், முள்வேலி, ஊரடங்கு, எதுவும் அவருக்குப் பொருட்டல்ல. கர்ப்பிணியின் வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் மரக்குழலை, காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்காரர்களுக்குச் சைகை கொடுக்கும் கருவி என்று ஒருமுறை வேலி வாசலில் கான்ஸ்டபிள் பிடித்து வைத்துக்கொண்டார். மிஸ்ஸி அங்கேயே அவருக்கு அரைமணி நேரம் பாடம் எடுத்தார். கான்ஸ்டபிள் கும்பிட்டு அனுப்பிவிட்டார். நமக்கு அந்த வசதி இல்லை.

நான் சான்றிதழ் வாங்கி அப்போது பதினெட்டு ஆண்டுகள். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். "படிச்சு முடிச்சாச்சு மிஸ்ஸி, விடுங்கலா" என்பேன்.

"சான்றிதழ் சுவரிலை தொங்கட்டும் டிரசர். நீங்கள் ஏன் அதோடை சேர்ந்து தொங்குறியள்?" என்பார், யாழ்ப்பாணத் தமிழில்.

ஆறு வகுப்புகளுக்கு ஆறு வயிற்றுவலி சொன்னேன்.

பிறகு ஒரு நாள் அஞ்சலை வந்தாள். பால்மரம் வெட்டுபவள். எட்டு மாதம். முந்தைய இரண்டும் தங்கவில்லை. "ரெண்டு நாளா அசையல டிரசரே" என்றாள். படித்த காலத்தில் காட்டிய அதே இடத்தில், தொப்புளுக்குக் கீழே இடப்பக்கம், குழலை வைத்தேன். சத்தமில்லை. மறுபடியும் அதே இடம். "இல்லம்மா" என்று சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "இதுவுமா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று பகல் சுற்றுக்கு வந்திருந்த மிஸ்ஸி உள்ளே நுழைந்தார். "எங்கெங்கை வைச்சுக் கேட்டனியள்?"

"வைக்கிற இடத்துலதான்."

முறைத்தார். இரு கைகளாலும் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, தொப்புளுக்கு மேலே குழலை வைத்துக் கேட்டார். பிறகு என்னையும் குனியவைத்தார். அவசரமாக ஓடும் கைக்கடிகாரம்போல ஓர் ஓசை.

"தலை மேலை கிடக்கு. போன மாசப் பாடமே இதுதான். உங்களுக்கு வயித்துவலி!"

"இருக்குதுங்களா?" என்றாள் அஞ்சலை.

"இருக்கடி பிள்ளை. எழும்பு, சிரம்பான் பெரியாஸ்பத்திரிக்குப் போவம்."

பெண் குழந்தை பிறந்தது. அஞ்சலை இன்றும் என்னிடம்தான் மருந்து வாங்குகிறாள். ஆனால், "நல்லா பாத்துட்டீங்களா?" என்று இரண்டு முறை கேட்காமல் போவதில்லை.

எரிச்சலாகத்தான் இருக்கிறது. போகிறவர் அடுத்த மாத வகுப்பையாவது ரத்து செய்துவிட்டுப் போயிருக்கலாம். ரந்தா வகுப்புப் பலகையில், நடத்துபவர் என்று என் பெயரை எழுதிவைத்திருக்கிறார். நடத்தித்தான் ஆகவேண்டும்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றுதான். 'இல்லை' என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் கை தானாக இன்னோர் இடம் தேடுகிறது. பதினெட்டு ஆண்டுகள் நிம்மதியாகத் தவறு செய்துகொண்டிருந்தவனை இப்படிக் கெடுத்துவிட்டுப் போய்விட்டார்.