மடலின் அடியில் இருந்த பெயர்

நாகநாதன் நீடாமங்கலத்து அச்சகம் ஒன்றில் திருமண வாழ்த்து மடல்களுக்குப் பாட்டெழுதித் தந்தவர். சம்பா அறுப்பு முடிந்த தை, மாசியில் நாளொன்றுக்கு நான்குகூட எழுதியதுண்டு. பாட்டு அவருடையது, மடலின் அடியில் அச்சாகும் பெயரோ, அதைப் பந்தலில் வாசித்தளிக்கும் தாய்மாமனுடையது அல்லது நண்பருடையது. முப்பதாண்டுகளாக இந்த வழக்கத்தில் அவர் குறை கண்டதில்லை.

ஐம்பத்தெட்டாம் வயதில் அவருக்கு ஓர் ஆசை வந்தது. சேர்த்து வைத்திருந்த மடல்களிலிருந்து நாற்பது பாடல்களைத் தேர்ந்து, ஊர்த் தமிழ் மன்றத்தின் போட்டிக்கு அனுப்பினார். வென்றால் மன்றமே நூலாக்கும். வென்றார். வென்ற பாடல்கள் மன்றத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டன. அந்த வாரமே ராஜராஜன் என்பவர், கண்ணாடிச் சட்டமிட்ட மடலொன்றைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு மன்றத்துக்கு வந்தார். தொகுப்பின் பதினோராம் பாட்டு அதில் வரி மாறாமல் இருந்தது. அடியில் அவருடைய காலஞ்சென்ற தந்தை சிவசாமியின் பெயர்.

"செத்தவர் பாட்டைத் திருடி மாலை போட்டுக்கப் பாக்குறீங்களே, வெக்கமா இல்ல?"

"எழுதிக் கொடுத்தது நான் தம்பி. உங்கப்பாவுக்குத் தெரியும்."

"அப்ப அவரையே சாட்சிக்குக் கூட்டிட்டு வாங்க!"

யாரோ சிரித்தார்கள். மன்றச் செயலாளர் சான்று காட்டப் பத்து நாள் தவணை கொடுத்தார். கையெழுத்துப் படி எதுவும் நாகநாதனிடம் இல்லை. அச்சானதும் அதைக் கிழித்துப் போடுவதே நேர்மை என்று எண்ணியிருந்தார். எஞ்சிய சாட்சி சிவசாமியின் மனைவி ஞானாம்பாள் ஒருவரே. அவரைப் போய்ப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதாங்க? எங்க கூடத்துல உக்காந்துதான எழுதுனீங்க! ரெண்டு காபி, மூணு தடவை அடிச்சுத் திருத்துனீங்க" என்றார் அவர்.

"அதை மன்றத்துல வந்து சொன்னீங்கன்னா போதும்மா."

ஞானாம்பாள் தலைகுனிந்தார். "பேரப்புள்ளைங்க, தாத்தா கவிஞருன்னு ஸ்கூல்ல சொல்லிட்டுத் திரியுதுங்க. அவரும் ஆமான்னே சொல்லிட்டுப் போயிட்டாரு. நான் போயி அவரைப் பொய் சொன்னவரா ஆக்கவாங்க? நீங்க இன்னொண்ணு எழுதிக்குவீங்க. அவருக்கு இருக்கிறது அது ஒண்ணுதான்."

நாகநாதன் வற்புறுத்தவில்லை. பதினோராம் பாட்டு சிவசாமியுடையது, தவறுதலாகச் சேர்ந்துவிட்டது என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். ஒன்றை விட்டுக்கொடுத்தால் முப்பத்தொன்பது மிஞ்சும் என்று நம்பினார்.

செயலாளர் கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "மத்ததெல்லாம் யாரோடது சார்?"

ஒவ்வொரு மடலின் அடியிலும் வேறொருவர் பெயரே இருந்தது. பரிசு திரும்பப் பெறப்பட்டது. அதன்பின் யார் வந்து கேட்டும் அவர் வாழ்த்து எழுதவில்லை.

அந்தக் கடிதத்தை மன்றம் தன் இதழின் கடைசிப் பக்கத்தில் முழுமையாக வெளியிட்டது. நாகநாதன் என்று பெயர் போட்டு அச்சான எழுத்து இன்றுவரை அது ஒன்றுதான்.