தோளில் மாட்டிய மடி

பருத்தி எடுத்துவிட்டு வரும் நாட்களில் என் ஓரகத்தியின் இடுப்பைச் சுற்றி ஒரு சிவந்த தடம் இருக்கும். பழைய சேலையை மடியாகக் கட்டிக்கொண்டு, அதில் பருத்தியை எடுத்துப் போட்டபடியே பாத்தி பாத்தியாக நகர வேண்டும். மடி நிறைய நிறைய முடிச்சு இடுப்பை அறுக்கும். அவள் என் கொழுந்தனாரின் மனைவி. எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரே சுவர்தான்.

நான் வேப்பந்தட்டையில் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அளவெடுக்கும்போதுகூட, வந்தவர்கள்தான் பேசுவார்கள். மகளிர் குழுக் கூட்டத்தில் தலைவி ஒரு நாள், பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் வடிவமைப்புப் போட்டி வைக்கிறார்கள், மாணவர்களும் கையால் பொருள் செய்கிறவர்களும் சேரலாம், அன்றாட வேலையைச் சுலபமாக்குகிற பொருளாக இருக்க வேண்டும் என்று சொன்னார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் குனிந்துகொண்டேன். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போதே மனம் தைக்க ஆரம்பித்துவிட்டது.

முதலில் உரச்சாக்கில் தைத்தேன். தோளில் மாட்டுகிற மாதிரி இரண்டு பட்டை. பருத்தியைக் கொட்ட, அடியில் நாடாவை இழுத்தால் திறக்கிற வாய். ஓரகத்தி அதை மாட்டிக்கொண்டு பருத்திக் காட்டுக்குக் கூலிக்குப் போனாள். சாயங்காலம் காட்டுக்காரர் சத்தம் போட்டாராம். சாக்கு இழை பிரிந்து பருத்தியோடு கலந்துவிட்டது. வெள்ளைக்குள் வெள்ளை, பொறுக்கி எடுக்கவும் முடியவில்லை. அப்புறம் என் வீட்டுக்காரரின் பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்தேன். பூச்சி அரித்த கொட்டுப் பருத்தியைத் தனியாகப் போடப் பக்கத்தில் ஒரு பை வைத்தேன். பட்டை கழுத்தை அறுக்கிறது என்றாள். காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேல் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வது வழக்கம். அந்தச் சட்டைக் காலருக்கு அடியில் பட்டை போகிற மாதிரி மாற்றினேன். அது சரியாக உட்கார்ந்தது.

அவளைக் காட்டில் கேலி செய்தார்கள்.

"என்னடி, பை மாட்டிக்கிட்டு பள்ளிக்கூடம் கிளம்பிட்டியா?"

"டீச்சரம்மா வருது, எல்லாரும் எந்திரிங்கடி!"

"சிரிங்க சிரிங்க. நாளைக்கு இடுப்பு புடிச்சுக்கிட்டு எங்கக்காகிட்டதான் வந்து நிப்பீங்க" என்றாளாம் இவள். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து எனக்கே கூச்சமாக இருந்தது.

பொருளை யாராவது உபயோகிக்கிற வீடியோ வேண்டும் என்று போட்டியில் கேட்டிருந்தார்கள். குழுத் தலைவி காட்டுக்கே வந்து போனில் எடுத்தார். சட்டையும் தலைத் துண்டுமாக ஓரகத்தி பருத்தி எடுக்கிறாள், நாடாவை இழுத்துச் சாக்கில் கொட்டுகிறாள், பிறகு நேராக நிமிர்ந்து, "இப்ப இடுப்பு வலி இல்லீங்க" என்கிறாள். அனுப்பினோம். முதல் சுற்றில் தேர்வாகிவிட்டது. அடுத்தது கல்லூரி அரங்கத்தில் நடுவர்கள் முன்னால். அங்கே வீடியோவைப் பெரிய திரையில் காட்டுவார்கள் என்றார்கள்.

அந்த நேரத்தில்தான் அவள் மகளுக்கு வரன் வந்தது. ஜெயங்கொண்டம் பக்கத்துக் குடும்பம். பையனுக்கு ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலையில் வேலை. பெண்ணுடைய அம்மா வீட்டோடு இருக்கிறார், மாடு பார்த்துக்கொள்கிறார் என்று தரகர் அவர்களிடம் சொல்லி வைத்திருந்தார்.

ஓரகத்தி சுவரோரம் வந்து நின்றாள். வழக்கமாக அங்கிருந்தே கூப்பிடுகிறவள், அன்று சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அக்கா, அந்த வீடியோ..."

"என்ன புள்ள?"

"டவுன்ல எல்லாரும் பாப்பாங்கல்ல. போன்லயும் போடுவாங்களாம். மாப்ள வூட்டுக்காரங்க கண்ணுல பட்டுதுன்னா? சட்டையப் போட்டுக்கிட்டு கூலிக்கு நிக்கிறேன். தரகர் வேற அப்புடிச் சொல்லிட்டாரு."

"நீதான எடுங்கன்னு சொன்ன?"

"சொன்னேன்க்கா. அப்ப இது வரல."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. இரண்டு நாள் அந்தப் பையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. எனக்கென்று வெளியில் எதுவும் கேட்டு நின்றதில்லை, இது ஒன்றுதான். ஆனால் அந்தப் பெண் என் கண் முன்னால் வளர்ந்தவள். கடைசியில் போட்டி ஆபீசுக்குப் போன் செய்து, வீடியோவை எடுத்துவிடச் சொன்னேன். போனை எடுத்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார்.

"எடுத்துர்றோம்மா. ஆனா மார்க் குறையும், பரவாயில்லையா?"

"பரவாயில்லீங்க."

போட்டியன்று குழுத் தலைவிக்குக் காய்ச்சல். தனியாகத்தான் பஸ் ஏறினேன். அரங்கத்தில் மாணவர்கள் தெர்மோகோலிலும் கம்பியிலும் அழகழகாகச் செய்து வைத்திருந்தார்கள். ஒரு பெண் என் பையைத் தொட்டுப் பார்த்து, "நல்லா இருக்கு ஆன்ட்டி" என்றாள். என் முறை வந்ததும் பையைச் சேலைக்கு மேல் மாட்டிக் காட்டினேன். பட்டை நழுவியது. ஏற்றிவிட்டேன், மறுபடி நழுவியது. அதைப் பிடித்து நிறுத்துவது சட்டைக் காலர்தான். வீடியோ இருக்கிற நினைப்பிலேயே தயாரானவள், சட்டை ஒன்று எடுத்து வர வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. காலரைப் பற்றிச் சொல்லவும் வாய் வரவில்லை.

நடுவர்களில் ஒரு அம்மா பையை வாங்கி, நாடாவை இழுத்துப் பார்த்தார். அடியில் வாய் திறந்ததும் சிரித்தார்.

"ரொம்ப நல்ல யோசனை. காட்டுல யாராவது மாட்டிப் பாத்தாங்களா? அவங்க என்ன சொன்னாங்க?"

கேட்க வேண்டிய கேள்விதான். சுவரோரம் போனில் பேசிய தம்பி நின்றிருந்தார். குரலை வைத்துக் காலையிலேயே அடையாளம் கண்டிருந்தேன். வீடியோவை அவர் பார்த்தவர்.

"இல்லீங்க. யாரும் மாட்டிப் பாக்கல" என்றேன்.

அந்தம்மா இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். பிறகு பையை மடித்து என் கையில் கொடுத்தார். "அடுத்த தடவை நாலு பேருகிட்ட குடுத்து மாட்டிப் பாக்கச் சொல்லுங்க. செஞ்ச பொருள் அப்பதான் முழுசாகும்." அந்தத் தம்பி என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்து அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

பரிசுப் பட்டியலில் நான் இல்லை.

நான் வீடு வந்து சேர்ந்ததும் ஓரகத்தி வந்துவிட்டாள்.

"என்னாச்சுக்கா?"

"வரல."

"என்னயப் பத்தி கேட்டாங்களா?"

"யாராவது மாட்டிப் பாத்தாங்களான்னு கேட்டாங்க. யாரும் பாக்கலன்னு சொல்லிட்டேன். நீ ஒண்ணும் பயப்படாத."

அவள் நிம்மதியாகச் சிரிப்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாரும் பாக்கலன்னா சொன்ன?"

"நீதான..."

"நான் யாருன்னு சொல்ல வேணாம்னுதானக்கா சொன்னேன். ஊருல ஒருத்தி மாட்டுனா, இடுப்பு வலி போச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல? ஊரு பேரு தெரியாத ஒருத்தின்னாச்சும் சொல்லியிருக்கலாம்ல? எத்தன நாளு அத மாட்டிக்கிட்டுக் காடு காடா நடந்தேன்."

நியாயம்தான். பெயரைச் சொல்லாமலே சொல்லியிருக்கலாம். அங்கே நின்றபோது அது எனக்குத் தோன்றவே இல்லை. அவளைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பு மட்டும்தான் இருந்தது. "எனக்கு வாய் வரல புள்ள" என்றேன். "உனக்கு எப்பதான் வந்துச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டில் சம்மதம் சொல்லி அனுப்பினார்கள். ஓரகத்தி தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். எதிர்வீட்டு வாசலில் அவள் சிரிப்பும் பேச்சும் என் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. என் வீட்டுக்கு வந்தவள் ஒன்றுக்கு இரண்டாக எடுத்து என் கையில் வைத்தாள்.

"நிச்சயத்துக்குப் பொண்ணுக்கு ரவிக்க நீதான் தைக்கணும்" என்றாள்.

"உக்காரு, டீ போடறேன்."

"இன்னும் நெறைய வூடு இருக்குக்கா" என்று தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.