சாவியைத் தர மறுத்த தவுக்கே

எண்பதுகளின் பிற்பகுதியில், மலேசியாவின் கிள்ளானில் நடந்தது இது. நான் அப்போது ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. கணவருக்குத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி ஒரு புதுக் கார் வாங்கியிருந்தோம். அதை வாங்கிய கம்பெனியில்தான் சர்வீஸ் செய்ய வேண்டும், வெளிப் பட்டறையில் யாரும் கைவைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவர் கணவர்தான். ஆனால் அவரைவிடக் கறாராக அதை நடத்தியவள் நான். ஒவ்வொரு சர்வீஸுக்கும் கம்பெனியில் ஒரு சின்னப் புத்தகத்தில் சாப் அடித்துக் கொடுப்பார்கள். பிள்ளைகளின் ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போட்டுப் பழகியவள் ஆயிற்றே! ஒரு பக்கம்கூட விடாமல் நீல மையில் அந்த முத்திரை விழுந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு அப்படி ஒரு பெருமை.

வெளிப் பட்டறை என்றால் நல்ல பாகத்தைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டிவிடுவார்கள் என்று உறவினர் ஒருவர் சொல்லியிருந்தார். அவருக்குச் சொந்தமாகக் கார் கிடையாது என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

அந்த ஆண்டு என் தங்கைக்குக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை காலை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கோயில் மண்டபத்தில் முகூர்த்தம். கணவர் விடியும் முன்பே மண்டபத்துக்குப் போய்விடுவார். மணப்பெண், அம்மா, என் இரண்டு பிள்ளைகள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஃபெடரல் ஹைவேயில் நான்தான் ஓட்டிப் போக வேண்டும்.

இரண்டு வாரம் முன்னால், துறைமுக லோரிகள் போய்ப் போய்க் குதறிவைத்திருந்த சாலையில் ஒரு பெரிய பள்ளத்தில் காரை இறக்கிவிட்டேன். அன்றிலிருந்து திரும்பும்போதெல்லாம் முன்பக்கம் ‘டொக், டொக்’ என்று ஒரு சத்தம். கம்பெனிக்குப் போன் செய்தேன். அவசரமா என்று கேட்டார்கள். “இல்லை, சின்னச் சத்தம்தான்” என்றேன். பள்ளத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. என் ஓட்டும் லட்சணம் வெளியே தெரிந்துவிடுமே! கல்யாணம் முடிந்து செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள். நானும் சரி என்றுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வரும்போது முன் டயரில் காற்று இறங்கிவிட்டது. எங்கள் வீட்டுச் சந்திக்கு முன்னால் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை உண்டு. அதன் முதலாளி ஐம்பது வயதுச் சீனர். எல்லாரும் தவுக்கே, அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய அப்பா தமிழர்கள் நிறைந்த எஸ்டேட்டில் மளிகைக்கடை வைத்திருந்தாராம். அதனால் தமிழ் நன்றாகவே பேசுவார். பஞ்சர் ஒட்டுவது ரிப்பேர் ஆகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வண்டியை உள்ளே விட்டேன்.

அவர் ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கினார். டயரைக் கழற்றும் முன் சக்கரத்தின் மேலேயும் கீழேயும் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார். இன்னொரு முறை ஆட்டினார். பிறகு காரின் அடியில் தலையை விட்டுப் பார்த்தார். எழுந்து வந்து, காரில் மாட்டியிருந்த சாவியை உருவித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“தங்கச்சி, பால் ஜாயிண்ட் போச்சு லா. சக்கரத்தைப் பிடிச்சிருக்கிறதே அதுதான். இந்தக் கார் இனி ஓடக் கூடாது.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பஞ்சர் ஒட்ட வந்தவள் தலையில் பெரிய வேலையைக் கட்டப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். என் கார் கம்பெனிக்குத்தான் போகும், சாவியைக் கொடுங்கள் என்றேன்.

“கம்பெனிக்கே போ. நான் செய்யவே வேணாம். ஆனா ஓட்டிக்கிட்டுப் போகாதே. லோரியில ஏத்திக்கிட்டுப் போ.”

நாளை மறுநாள் கல்யாணம், மணப்பெண்ணை ஏற்றிப் போக வேண்டிய கார் என்று கத்தினேன். அதைக் கேட்டதும் அவர் பையின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார். நல்ல நாள் பார்த்து, பிள்ளையார் காலடியில் வைத்து எடுத்த சாவி அது. எண்ணெய்க் கறை படிந்த யாரோ ஒருவர் சட்டைப்பையில் கிடந்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை. வகுப்பில்கூட அப்படிக் கத்தியதில்லை. திருடன் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். போலீஸைக் கூப்பிடுவேன் என்றேன்.

“கூப்பிடு லா. அவங்களும் வந்து ஆட்டிப் பாக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டார்.

கைப்பையையும் நோட்டுப்புத்தகக் கட்டையும் சுமந்துகொண்டு வெயிலில் வீட்டுக்கு நடந்தேன். கணவர் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கோபம் வந்தால் கத்த மாட்டார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்று வெகுநேரம் துடைத்தார்.

சனிக்கிழமை காலை இருவரும் போனோம். மெதுவாக ஓட்டிக் கம்பெனிக்குக் கொண்டுபோகிறோம், சாவி வேண்டும் என்றார் கணவர். தவுக்கே கணவரின் கையைப் பிடித்து அழைத்துப்போய், ஜாக்கியில் நின்ற காரின் சக்கரத்தில் வைத்தார். கணவர் ஆட்டினார். சக்கரம் மேலும் கீழும் ஆடியது. அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு பட்டறைப் போனிலிருந்தே கம்பெனியைக் கூப்பிட்டு, இழுவை லோரி அனுப்பச் சொன்னார்.

லோரி வந்த பிறகுதான் தவுக்கே சாவியை எடுக்கப் போனார். சட்டைப்பையில் இல்லை. பட்டறைச் சுவரில் இருந்த சிவப்புச் சாமிமாடத்தில், ஊதுபத்திக்கும் ஆரஞ்சுப் பழத்துக்கும் நடுவே இருந்தது.

“வேலையாளுங்க யாராச்சும் காரை எடுத்துருவாங்கன்னு பயம். இங்க வச்சா யாரும் தொட மாட்டாங்க” என்றார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஆனாலும் உள்ளுக்குள் ஒரு மூலையில் சந்தேகம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. அது தீர்ந்தது கம்பெனியில்தான். லோரியிலிருந்து இறக்கிய காரை இரண்டு பேர் உள்ளே தள்ளினார்கள். ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்பினார். மடக்கென்று ஒரு சத்தம். முன்சக்கரம் வெளிப்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. கார் அப்படியே முன்பக்கம் மண்டியிட்டது. ஆள் நடக்கும் வேகத்தில் நடந்தது இது. ஹைவேயில், பக்கத்தில் லோரி வரும்போது, பின்சீட்டில் பட்டுப்புடவையோடு தங்கையும் மடியில் பிள்ளையுமாக அம்மாவும் இருந்திருந்தால்?

அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவ்வளவு பேர் முன்னால் அழுகிறோமே என்ற வெட்கம்கூட இல்லை. உயிர் திரும்பி வந்தது போன்ற ஒரு நிம்மதி அது. அங்கே தலைமை மெக்கானிக் ஒரு மலாய்க்காரர். “நசீப் பாயிக், சிக்கு” என்றார். உங்கள் நல்ல நேரம் டீச்சர் என்று அர்த்தம். கல்யாணம் என்று கேள்விப்பட்டதும் எல்லா வேலையையும் ஒதுக்கிவைத்துவிட்டு, மாலைக்குள் இரண்டு பக்கமும் பால் ஜாயிண்டைப் புதிதாக மாற்றிக் கொடுத்தார். சாப் அடித்த புத்தகத்தை நீட்டினார். நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு மெதுவாக ஓட்டினேன். “முகூர்த்தம் தப்பிடப் போவுது, கொஞ்சம் மிதியேன்!” என்று அம்மா பின்னாலிருந்து படுத்திக்கொண்டே வந்தார். அவர் திட்டத் திட்ட எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்ல நேரத்தில் தாலி ஏறியது.

இரண்டு நாள் கழித்துத் தாம்பூலப் பையும் ஒரு டப்பா லட்டும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வாக்கியங்கள் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மன்னிச்சிருங்க தவுக்கே என்று மட்டும் சொல்லி டப்பாவை நீட்டினேன். அவர் கறுத்த விரல்களாலேயே ஒரு லட்டை எடுத்துக் கடித்தார்.

அவ்வளவு ஏசியும் ஏன் சாவியைக் கொடுக்கவில்லை என்று கேட்டேன். கடித்த லட்டை டப்பா மூடியில் வைத்தார்.

“முன்ன ஒருத்தரு இப்படித்தான் கத்தினாரு, தங்கச்சி. கொடுத்துட்டேன்.”

சொல்லிவிட்டு, அந்தச் சிவப்பு மாடத்தில் ஓர் ஊதுபத்தியை ஏற்றி வைத்தார்.

கம்பெனியா, வெளிப் பட்டறையா என்று இன்றும் யாராவது என்னிடம் யோசனை கேட்பதுண்டு. இரண்டு இடத்திலும் நல்ல மனிதர்களைப் பார்த்தவள் நான், அதனால் பெயர்ப்பலகையைப் பார்த்து எதுவும் சொல்வதில்லை. உங்களிடம் ஏச்சு வாங்கத் தயங்காதவர் எங்கே இருக்கிறாரோ அங்கே போங்கள் என்பேன்.

என் தங்கைக்கு மூன்று பெண்கள். விசேஷ நாட்களில் மூன்றும் சேர்ந்துகொண்டு வீடே அதிரச் சிரிக்கும்போது, நான் போட்ட கூச்சலுக்குப் பயந்து தவுக்கே அந்தச் சாவியை நீட்டியிருந்தால் என்ற நினைப்பு வந்து, அந்தச் சிவப்பு மாடம் இருந்த திசையை நோக்கி இன்றும் என் கை தானாகக் குவிகிறது.